சண்முகத்தாயின் மதியத் தூக்கம்

“எடது கால ஊனும்போது லேசா இழுக்கான்,” என்றாள் சண்முகத்தாய், மூடிய கண்களைத் திறக்காமலே. உடனே பெண்ணின் அப்பா செல்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, “மாப்ள, அந்தச் செவத்துல இருந்து இந்தச் செவரு வரைக்கும் இன்னொரு தடவ நடங்க,” என்று, கடல்களுக்கு அப்பால் ஓர் அருங்காட்சியகத்தின் மேல்மாடியில் வியர்த்து நின்றுகொண்டிருந்த பையனுக்கு உத்தரவு போட்டார்.

பையன் நடந்தான். அவன் நடப்பதை, சாத்தூரில் அந்த வீட்டின் முன்னறையில் ஜமுக்காளத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண் வீட்டார் சண்முகத்தாயின் முகத்தில் பார்த்தார்கள். அவளுடைய இமைகளுக்குக் கீழே கருவிழி மெதுவாக இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய், திரும்பி வந்தது.

“புது ஷூவாம். கடிக்குதாம்,” என்றார் பெண்ணின் அப்பா.

“அப்ப கழட்டிட்டு நடக்கச் சொல்லுங்க.”

கழற்றினான்.

“இப்ப இழுக்கல. காலு நல்லாத்தான் இருக்கு. சாக்ஸுலதான் ஓட்ட.”

“தனியா கெடக்கிற பையன், யாரு தச்சுக் குடுப்பா,” என்றாள் பெண்ணின் அம்மா. அந்தக் குரலில் இருந்த கரிசனத்தைக் கேட்டதும் சம்பந்தம் முடிந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

“காவக்காரன் வாரான். ஷூவ மாட்டுன்னு கைய ஆட்டி ஆட்டிப் பேசுதான். பையன் தலைய ஆட்டிக்கிட்டு மாட்டிக்கிடுதான். எதுத்துப் பேசல. பல்லக் கடிக்கல.”

“அது போதும் தாயி,” என்றார் பெண்ணின் அப்பா. “அது போதும்.”

இவ்வளவும் நடக்கும்போது, எந்த ஓவியத்தின் முன்னால் அந்தப் பையன் ஓட்டை சாக்ஸோடு நடந்துகாட்டினானோ அந்த ஓவியத்தைத் தீட்டியவரும், கலை பற்றிய தடித்த புத்தகங்களில் முழுப் பக்கம் ஒதுக்கப்பட்டவருமான வெயிலுமுத்து, வந்தவர்களுக்காக அடுப்படியில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தார். டம்ளர் ஒன்று குறைந்தது. தன் பங்கை அவர் லோட்டாவில் ஊற்றிக்கொண்டார்.

அந்தப் படத்துக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர் நீளமானது. சாத்தூரில் அது சுளகுப் படம். ஒரு பெண் சுளகில் அரிசி புடைக்கிறாள், அரிசி அந்தரத்தில் நிற்கிறது, அவள் கண்களை மூடிக்கொண்டிருக்கிறாள். இந்தக் கடைசி விவரத்தில்தான் உலகம் மயங்கியது, இந்தக் கடைசி விவரம்தான் தப்பு. அவள் கண்களை மூடிக்கொண்டிருக்கவில்லை. அவளுக்கு இன்னும் கண் திறக்கவில்லை.

அன்றைக்கு வெயிலுமுத்து சிவகாசி அச்சகங்களுக்குக் காலண்டர் படம் போட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார். சாமி படமோ சீயக்காய்த்தூள் படமோ, எதுவானாலும் கண்ணைக் கடைசியில் திறப்பதுதான் அவருக்குப் பழக்கம். முகம் முழுக்கச் சதை நிறத்தைப் பூசி, கண் வரவேண்டிய இடத்தில் மேடும் பள்ளமும் மட்டும் நிழலாகக் காட்டி வைத்துவிட்டு, மற்ற எல்லாம் முடிந்த பிறகு, நல்ல நேரம் பார்த்து, படத்துக்கு எதிரே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தி, அணில்முடித் தூரிகையால் இரண்டு கண்களையும் மூச்சு விடாமல் திறப்பார். திறந்த கண் வேறு யாரையும் பார்க்குமுன் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது முறை. சுளகுப் படம் ஓர் அரிசி மண்டிக்கானது. கையைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு நேரம் நிற்க வேறு யாரும் சம்மதிக்காததால் அவர் மனைவி சண்முகத்தாய் நின்றாள். எல்லாம் முடிந்து, கண்ணாடியை எடுத்து நிறுத்தியபோது ராகுகாலம் பிறந்துவிட்டது. ராகுகாலம் கழியட்டும் என்று வெயிலுமுத்து டீ குடிக்கப் போனார். டீக்கடையில் எதைப் பற்றியோ சண்டை நடந்தது, அதை முழுக்கக் கேட்டுவிட்டு வந்தார். வருவதற்குள் அச்சகத்து ஆள் படத்தை எடுத்துப்போய், அச்சக முதலாளி அதை மேஜைமேல் சாய்த்து வைத்து, தீப்பெட்டி லேபிள் சேகரிக்க வந்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் அதன்முன் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். படம் அவரோடு கடல் தாண்டிப் போயிற்று.

அதற்குப் பிறகு பேட்டி எடுக்க வந்த எல்லோரிடமும் வெயிலுமுத்து உண்மையைத்தான் சொன்னார். “ராகுகாலம் சார். அதான் தொறக்கல.” முதல் பத்திரிகை அதைக் ‘காலத்தை விழுங்கும் நிழல்’ என்று எழுதியது. இரண்டாவது பத்திரிகை, ‘பார்வையை ஒத்திப்போடும் கீழைத் தத்துவம்’ என்றது. பொய் சொல்லிப் பெரிய ஆள் ஆனவர்கள் உண்டு. உண்மையைத் திரும்பத் திரும்பச் சொல்லி, யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளாததால் பெரிய ஆள் ஆனவர் இந்த ஜில்லாவில் தான் ஒருவர்தான் என்று வெயிலுமுத்துவுக்குத் தோன்றும். இதில் இன்னொரு கூத்தும் உண்டு. சிவகாசி வட்டாரத்தில் கண் போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. புகழ் வந்த பிறகு அவரை யாரும் கண் போட விடவில்லை. கலெக்டர் படமா, கண்ணை மூடிப் போடுங்கள். ஜவுளிக்கடை திறப்பு விழாவா, மூடியே போடுங்கள், அதுதானே உங்கள் பாணி. முடிவெட்டும் கடைக்காரர்கூடத் தன் போர்டில் இருந்த ஆளுக்குக் கண்ணை மூடச் சொல்லிவிட்டார். கடைக்கு வருபவர்கள் அந்த ஆள் செத்துப்போனவன் என்று நினைத்தார்கள்.

படத்தை அந்த அருங்காட்சியகத்தில் மாட்டிய மதியம், சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்த சண்முகத்தாய் எழுந்து உட்கார்ந்து, “வாசல்ல யாரோ நிக்காக பாருங்க, புருவமே இல்லாத பெரியவரு, என்னையவே பாக்காரு,” என்றாள். வெயிலுமுத்து போய்ப் பார்த்தார். வாசலில் ஆடு நின்றது. அவள் மறுபடி கண்ணை மூடி, “இப்ப பக்கத்துல ஒரு பொம்பளையும் நிக்கா,” என்றாள். அன்றிலிருந்து அவள் கண்ணைத் திறந்தால் சாத்தூர், மூடினால் அந்த ஊர்.

சாத்தூர் இதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. முதல் வாரம் ஜனங்கள் வந்து உட்கார்ந்து, கேட்டு, தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் வேலைகளோடு வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்திய ஜெபமணி டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிவந்து, அங்கே எப்போது கம்பளிக்கோட்டு போடுகிறார்கள், எப்போது கழற்றுகிறார்கள் என்று சண்முகத்தாயிடம் கேட்டுப் பருவகாலம் சொல்லிக்கொடுத்தாள். காராச்சேவுக் கடை குருசாமி அண்ணாச்சி, வெள்ளைக்காரர்கள் பையில் என்ன தின்பண்டம் வைத்திருக்கிறார்கள் என்று தினமும் விசாரித்து, ஒன்றும் வைத்திருக்கவில்லை என்று கேட்டுக் கவலைப்பட்டார். பிறகு ஊர்ப் பிள்ளைகள் வேலைக்காக அந்தப் பக்கம் போகத் தொடங்கியபோது, தாய்மார்கள் ஒவ்வொருவராக, “ஒரு எட்டு போய் சித்தி முன்னால நின்னுட்டு வாடா,” என்று சொல்லத் தொடங்கினார்கள். பிள்ளைகளும் போய் நின்றார்கள். முன்பக்கம் காட்டினார்கள், திரும்பிப் பின்பக்கம் காட்டினார்கள், சட்டைக் கையைச் சுருட்டிச் சதை போட்டிருப்பதைக் காட்டினார்கள், பிறந்த குழந்தையைத் தூக்கிப் பிடித்தார்கள், பல் வலி என்று போனில் சொல்லியிருந்தவன் வாயைத் திறந்து காட்டினான். தமிழர்களை மட்டும் இந்த ஓவியம் ஏன் இப்படி ஆட்டிவைக்கிறது என்று அங்கே ஒருவர் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கினார். செல்போனில் முகம் பார்த்துப் பேசுகிற காலம் வந்த பிறகும் இந்த வழக்கம் நிற்கவில்லை. போனில் சிரித்துக் காட்டிவிடுவான், சித்தி பார்த்தால்தான் மெலிந்திருக்கிறானா இல்லையா என்பது தெரியும் என்றார்கள்.

ஊர் நன்றாகத்தான் இருந்தது. சண்முகத்தாய்தான் தூங்கவில்லை.

அங்கே கூட்டம் இருக்கிற நேரம் இங்கே மதியமும் அந்தியும். அங்கே கதவைச் சாத்திய பிறகும் கூரையில் ஒரு விளக்கு எரிந்துகொண்டேயிருந்தது, காவல்காரன் நடந்துகொண்டேயிருந்தான், விடுமுறை நாளில் தரை துடைக்கிற பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். சண்முகத்தாய் கண்ணயர்வாள், ஆனால் அது பஸ் ஸ்டாண்டில் மூட்டை முடிச்சோடு கண்ணயர்வது மாதிரி.

“ஒரு நா, ஒரே ஒரு நா இருட்டுல தூங்கணும்ங்க,” என்பாள். “அந்தக் கண்ணத் தொறந்து விட்டுருங்க. நீங்கதான பாக்கி வச்சீக.”

“படம் அங்கேல்ல இருக்கு,” என்பார் வெயிலுமுத்து.

அது நல்ல பதில். கடல் அளவுக்குப் பெரிய பதில். அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ள அவருக்கு வசதியாக இருந்தது. கண்ணைத் திறந்துவிட்டால் அது சுளகில் அரிசி புடைக்கிற ஒரு பெண்ணின் படம், காலண்டரில் முருகனுக்கும் பசுமாட்டுக்கும் நடுவில் வருகிற படம், அவ்வளவுதான் என்று அவருக்குத் தெரியும். அதை அவளும் தெரிந்துவைத்திருக்கிறாள் என்பதும் தெரியும். ஆகவே இரண்டு பேரும் கடலைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள்.

பெண் பார்ப்பது மாதிரி மாப்பிள்ளை பார்த்து முடித்த கொஞ்ச நாளில், ஒரு கண்காட்சிக்காகப் படத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. கடல் தானாகவே எழுந்து போய்விட்டது.

அங்கே படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, துணி சுற்றி, பெட்டியில் வைத்து ஆணியடித்த மதியம் சண்முகத்தாய் சோற்றில் கையை வைத்தபடி ஒருமுறை கண்ணைச் சிமிட்டினாள். சிமிட்டிய இமை திறக்கவில்லை. வெயிலுமுத்து அவள் கையைக் கழுவிவிட்டுப் படுக்கவைத்தார். அவள் அன்று தூங்கினாள், மறுநாள் தூங்கினாள், பெட்டி கப்பலில் வருகிற அத்தனை நாளும் எழுந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. குறட்டைகூட விட்டாள், சின்னதாக, பால் கொதி வருகிற சத்தத்தில். ஜனங்கள் வந்து எட்டிப் பார்த்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். வெயிலுமுத்து பக்கத்தில் உட்கார்ந்து, மூடிய கண் என்றால் என்ன என்பதை முதல்முறையாகப் பார்த்தார். கலெக்டர் முதல் முடிவெட்டும் கடை ஆள் வரைக்கும் அவர் போட்ட எந்த மூடிய கண்ணும் இப்படி இல்லை. அதெல்லாம் இமை, இதற்குள் ஒரு ஆள் நிம்மதியாக இருந்தாள்.

சென்னையில் பெட்டியைப் பிரித்த அன்று அவள் அலறவில்லை. விழித்துப் பார்த்து, மறுபடி மூடிப் பார்த்து, “லைட்டப் போட்டுட்டாக,” என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அது எதற்கும் பிரயோஜனப்படாது என்று அவளுக்குத் தெரியும்.

வெயிலுமுத்து டிரங்குப் பெட்டியில் கிடந்த அணில்முடித் தூரிகையை எடுத்து, எண்ணெய் தடவி, பழைய காலண்டர்த் தாள்களின் பின்பக்கத்தில் கண் போட்டுப் பார்த்தார். மாங்கொட்டை வந்தது. இன்னொரு தாளில் போட்டார். மீன் வந்தது, அதுவும் கருவாடு. மூன்றாவதாக வந்தது கண்தான், ஆனால் அது தானாகவே மூடிக்கொண்டது.

சென்னையில் படத்துக்குக் கண் திறக்கப்போகிறார் என்கிற விஷயம் ஊருக்குத் தெரிந்தது. சென்னைக்குப் போக பஸ் பேசுகிற சாக்கில் குருசாமி அண்ணாச்சி கடை முன்னால் கூடினார்கள்.

“மதினி தூங்கட்டும், நான் வேண்டாம்ங்கல,” என்றார் குருசாமி. “ஆனா எந் தங்கச்சி மகன் போன வாரந்தான் அங்க எறங்கியிருக்கான். இன்னும் போய் நிக்கல. படம் திரும்ப அங்க போனதும் அவன ஒரு தடவ பாத்துட்டுத் தூங்கினா என்ன?”

“அடுத்த வாரம் இன்னொருத்தர் மகன் எறங்குவான்,” என்றாள் ஜெபமணி டீச்சர். “சண்முகத்தாயப் பெட்டியில வச்சு ஆணியடிச்சாத்தான் அது தூங்குது. அத நாம பாத்தமா இல்லையா?”

குருசாமி ஒரு பொட்டலம் காராச்சேவைக் கட்டி, “பஸ்ஸுல மதினி தின்னட்டும்,” என்று வெயிலுமுத்து கையில் கொடுத்தார். ஊரின் சம்மதம் அப்படித்தான் வந்தது, கொஞ்சம் காரமாக.

சென்னையில் கூடம் குளுகுளுவென்று இருந்தது. சால்வை போர்த்திய நிபுணர் ஒருவர் படத்துக்குப் பக்கத்தில் நின்று, “இவள் நம்மைப் பார்க்க மறுக்கிறாள். அந்த மறுப்புதான் இவளுடைய பார்வை,” என்று பேசினார்.

“மறுக்கல சார்,” என்றார் பின்வரிசையிலிருந்து குருசாமி. “நேத்து நீங்க வந்து நின்னத மதினி சொன்னாக. இதே சால்வதான்.”

நிபுணர் அதற்கும் தலைவணங்கிக் கைதட்டச் சொன்னார். பிறகு வெயிலுமுத்துவைப் பேசச் சொன்னார்கள். அவர், “ராகுகாலம் சார்,” என்றார். பலத்த கைதட்டல்.

மாலையெல்லாம் போட்டு முடித்து, பெரிய மனிதர்கள் வடை சாப்பிடப் போனதும் சாத்தூர்க்காரர்கள் படத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். காவலாளிக்கு முதுகுகள் மட்டும் தெரிகிற மாதிரி நெருக்கி நின்றார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ரேஷன் கடையில் நின்று பழகிய நெருக்கம் அது. வெயிலுமுத்து சட்டைப் பையிலிருந்து தூரிகையை எடுத்தார். படத்தின் மேல் கண்ணாடி போட்டிருந்தது. கனமான கண்ணாடி, நாலு பக்கமும் திருகு.

தூரிகையைப் பைக்குள் திரும்ப வைத்தபோது அவருக்கு வந்தது ஏமாற்றம் இல்லை, நிம்மதி. மாங்கொட்டை விஷயம் இனி யாருக்கும் தெரியவேண்டியதில்லை. உலகப் புகழ் பெற்ற கை தப்பித்தது. தனக்குள் இவ்வளவு கேவலமான ஒரு நிம்மதி இருக்க முடியுமா என்று நினைத்தபடி அவர் ஓரமாக ஒதுங்கினார்.

சண்முகத்தாய் படத்துக்கு நேரே சற்றுத் தள்ளி நின்று, கண்களை மூடினாள்.

“என்ன மதினி தெரியுது?” என்றார் குருசாமி.

“நான்தான் தெரியுதேன்,” என்றாள். “இம்புட்டு நரச்சிருச்சா எனக்கு. சேலையக்கூட ஒருத்தியும் இழுத்துவிடச் சொல்லல.” சேலையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, “அவுக எங்க?” என்றாள்.

“இங்கதான் இருக்கேன்.”

“ஏன் ஓரமா நிக்கீக? நடுவுல வாங்க. ஊருல உள்ள அத்தன பேரும் வந்து நின்னுட்டாக, கைப்பிள்ளைக வரைக்கும் வந்து நின்னுருச்சு. நீங்க மட்டும் ஒரு தடவகூட வரல.”

வெயிலுமுத்து வந்து நின்றார். மாப்பிள்ளைப் பையனைப் போல அவருக்கும் வியர்த்தது.

“கிட்ட வாங்க. ஒங்க நெஞ்சுதான் தெரியுது, முகம் தெரியல. குனிங்க. இன்னும் கொஞ்சம்.” அவர் முழங்காலை மடக்கிக் குனிந்தார். “மெலிஞ்சு போயிட்டீக,” என்றாள் அவள், அவருக்குப் பின்னால் நின்றபடி, அவருக்கு முன்னால் இருந்து.

கண்ணாடியில் அவர் முகம் மங்கலாகத் தெரிந்தது. குனியக் குனிய அது அவள் முகத்தின்மேல் இறங்கியது. நரைத்த புருவம் அவளுடைய புருவத்தில் வந்து படிந்தது, பிறகு அவருடைய இரண்டு கண்களும், மேடும் பள்ளமும் மட்டும் நிழலாகக் காட்டி அவர் பாக்கி வைத்திருந்த அந்த இரண்டு இடங்களில், அளவெடுத்த மாதிரி போய் உட்கார்ந்தன. சுளகுக்காரி விழித்துப் பார்த்தாள். வெயிலுமுத்து மூச்சை விடவில்லை, இமைக்கவில்லை. இந்த வேலையில் இமைக்கக் கூடாது என்பது மட்டும் அவருக்கு இன்னும் மறக்கவில்லை.

“மதினி?” என்றார் குருசாமி. “இப்ப என்ன தெரியுது?”

“ஒண்ணும் தெரியல.”

“கண்ண நல்லா மூடுங்க.”

“மூடித்தான் இருக்கேன் அண்ணாச்சி. ஒண்ணுமே தெரியல.” அவள் கைகளால் துழாவினாள். ஜெபமணி டீச்சர் அவளைப் பிடித்து அங்கிருந்த பெஞ்சில் உட்காரவைத்தாள். உட்கார்ந்ததும் அவள் டீச்சர் தோளில் சாய்ந்துவிட்டாள். வடை சாப்பிட்டுவிட்டு வந்த நிபுணர் அவளைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, படைப்பின் முன் மனம் அடங்கிவிட்ட நிலை என்று பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினார். பால் கொதி வருகிற சத்தம் கேட்டது.

திரும்புகிற பஸ்ஸில் வெயில் சாய்ந்து அடித்தது. தாம்பரம் தாண்டுவதற்குள் சலசலப்பு தொடங்கிவிட்டது. இனி எவன் மெலிந்தான் எவன் குடிக்கிறான் என்று எப்படித் தெரியும் என்றார் ஒருவர். குருசாமி, “எந் தங்கச்சிக்கு என்ன பதில் சொல்லப்போறேனோ,” என்று கொஞ்ச நேரம் புலம்பிவிட்டு, சம்பந்தம் முடிந்த பெண்ணின் அப்பாவைப் பார்த்து, “நீரு கடைசி பஸ்ஸப் பிடிச்ச ஆளுய்யா,” என்றார். அவர் அடக்கமாகச் சிரித்தார்.

ஜன்னலோர இருக்கையில் சண்முகத்தாய் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வெயிலுமுத்து, புழுதி பறந்து வந்ததால், கண்களை இறுக்கி மூடினார்.

குளுகுளு கூடம் தெரிந்தது. கூட்டம் போயிருந்தது. சால்வை நிபுணர் தனியாக நின்றார். இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டு, படத்தின் முகத்துக்கு நேராக ஒரு நீளமான கொட்டாவி விட்டு, சால்வைக்குள் கையை விட்டு முதுகைச் சொறிந்தார்.

வெயிலுமுத்து கண்களைத் திறந்தார். பஸ். மூடினார். நிபுணர் இன்னும் சொறிந்துகொண்டிருந்தார். இனி தன் படத்தின் முன்னால் கொட்டாவி விடப்போகிற ஒவ்வொருவரையும், இங்கேயும் கடலுக்கு அப்பாலும், தான் உட்கார்ந்து பார்க்கவேண்டியிருக்கும் என்று அவருக்கு மெல்ல உறைத்தது. அது அவ்வளவு அநியாயமாக அவருக்குப் படவில்லை.

“கொஞ்சம் கண்ணசருங்க அண்ணாச்சி,” என்றாள் முன் இருக்கையிலிருந்து ஜெபமணி டீச்சர். “சாத்தூர் வர விடிஞ்சிரும்.”

“தூக்கம் வரல டீச்சர்,” என்றார் வெயிலுமுத்து.

குருசாமி காராச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்துக் கையோடு கை மாற்றிவிட்டார். யாரோ பாட்டுப் போடச் சொன்னார்கள். மேற்கு வெயில் ஜன்னல் வழியாக வந்து சண்முகத்தாயின் மூடிய இமைகளில் விழுந்தது. வெயிலுமுத்து அவள்மேல் படாமல் எட்டி, ஷட்டரை மெதுவாக, சத்தம் வராமல், கீழே இறக்கினார்.